கோமாவில் இருப்பவருக்குப் பசிக்குமா? ‘ஒரு வாய் பால்’ ஏன் ஆபத்து? மூக்கு டியூப் பற்றி குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

“எம்புள்ள பச்சத்தண்ணி பல்லுல படாம ஆறு நாளா கெடக்கான் நர்சம்மா. அவனுக்குப் பசிக்காதா? ஒரு வாய் பாலாச்சும் ஊத்த விடுங்க.”

பெரிய ஆஸ்பத்திரி எதுவானாலும், அதன் ஐசியூ வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் இப்படி ஒரு குரல் காதில் விழும். தேனி மாவட்டம் மயிலாடும்பாறை, வருசநாடு பக்கம் பைக் விபத்தில் தலையில் அடிபட்டவர்களைப் பெரும்பாலும் கடமலைக்குண்டு, கண்டமனூர் வழியாக க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் கொண்டு வருவார்கள். அந்தப் பகுதி மக்களுக்கு ‘கானாவிலக்கு’ என்றாலே பெரியாஸ்பத்திரி. கூடவே வரும் அம்மாவோ அப்பத்தாவோ கையில் ஒரு பிளாஸ்க் வைத்திருப்பார்கள். அதில் பால் இருக்கும், இல்லையென்றால் கஞ்சி.

அவர்களுக்கு வரும் சந்தேகம் நியாயமானது. ‘நாலு நாள் சாப்பிடலன்னா நாமளே துவண்டு போறோம். பேச்சு மூச்சு இல்லாம கிடக்குறவருக்கு என்ன ஆகும்? உள்ளுக்குள்ள பசியில தவிக்கிறாரோ?’

சுருக்கமான பதில் இதுதான். ஆழ்ந்த கோமாவில் பசி என்ற ‘உணர்வு’ இருக்காது என்பதே மருத்துவர்களின் கணிப்பு. ஆனால் உடம்பின் ‘தேவை’ ஒரு நிமிடம் கூடத் தூங்குவதில்லை. சில நேரம் சாதாரண நாட்களை விடவும் அது அதிகமாகிறது. ‘பசிக்குது’ என்று சொல்ல வேண்டியவர் சொல்ல மாட்டார். அதனால் அவருக்காக வேறொருவர் கடிகாரம் பார்த்தாக வேண்டும். கோமா நோயாளியின் சாப்பாட்டு விஷயம் மொத்தமும் இதற்குள் அடங்கிவிடும். விரிவாகப் பார்ப்போம்.

கோமா என்றால் என்ன? கண் திறந்தாலும் கோமாவா?

நம்ம ஊரில் நினைவு திரும்பாத யாரையும் ‘கோமாவுல இருக்கார்’ என்று சொல்லிவிடுகிறோம். மருத்துவர்கள் இதை மூன்று நிலைகளாகப் பிரிக்கிறார்கள்.

• கோமா: கண் மூடியே இருக்கும். கூப்பிட்டாலும், கிள்ளினாலும் விழிக்க மாட்டார். தூக்கம், விழிப்பு என்ற சுழற்சியே இருக்காது. இந்த நிலை பொதுவாக 2 முதல் 4 வாரங்களுக்கு மேல் நீடிப்பதில்லை. அதற்குள் நோயாளி தேறுவார், இறந்துவிடுவார், அல்லது அடுத்த நிலைக்குப் போவார்.

• கண் விழித்த, ஆனால் உணர்வற்ற நிலை: கண் திறக்கும், மூடும். கொட்டாவி விடுவார். மூச்சு தானாக ஓடும். ஆனால் சுற்றி நடப்பது தெரிவதற்கான அறிகுறி எதுவும் இருக்காது.

• குறைந்தபட்ச உணர்வு நிலை: எப்போதாவது கண்ணால் ஆளைத் தொடர்வார். ‘கையை அழுத்துங்க’ என்றால் ஒருமுறை அழுத்துவார், அடுத்த முறை அழுத்த மாட்டார்.

ஐசியூவில் ‘ஜிசிஎஸ் எவ்வளவு?’ என்று டாக்டர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கலாம். அது கிளாஸ்கோ கோமா அளவுகோல். 1974-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இரண்டு நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர்கள் உருவாக்கியது. கண், பேச்சு, அசைவு மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் கொடுப்பார்கள். முழு நினைவோடு இருப்பவருக்கு 15. மதிப்பெண் 8 அல்லது அதற்குக் கீழே என்றால் கோமா.

நோயாளி எந்த நிலையில் இருக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் பசி பற்றிய பதிலும் மாறும்.

பசி வயிற்றில் பிறக்கிறதா, மூளையிலா?

‘வயிறு பசிக்குது’ என்கிறோம். உண்மையில் வயிறு அனுப்புவது தகவல் மட்டும்தான். அதைப் ‘பசி’யாக மாற்றுவது மூளை.

இரைப்பை காலியானதும் கிரெலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. 1999-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது இது. ரத்தம் வழியாக மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸுக்குப் போய் ‘சாப்பாடு வேணும்’ என்று மணி அடிக்கும். இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்வது லெப்டின். உடலின் கொழுப்பில் இருந்து வந்து, ‘சேமிப்பு இருக்கு, அவசரமில்லை’ என்று சொல்லும்.

இதுவரை நடப்பதெல்லாம் நமக்குத் தெரியாமலே நடப்பவை. அந்த மணி மூளையின் மேற்புறணி வரை போய்ச் சேரும்போதுதான் ‘அய்யோ, பசிக்குதே’ என்ற உணர்வு வருகிறது. கோமாவில் அந்த இணைப்புதான் துண்டிக்கப்பட்டிருக்கிறது. மணி அடிக்கும், கேட்பதற்கு ஆள் இல்லை. அதனால், ‘புள்ள உள்ளுக்குள்ள பசியால துடிக்குது’ என்று நினைத்து நினைத்து அழும் அம்மாக்களுக்கு ஒரு ஆறுதல் சொல்லலாம்: ஆழ்ந்த கோமாவில் அந்தத் தவிப்பு இருக்க வாய்ப்பில்லை.

அப்போ யாருக்குமே தெரியாதா?

அப்படியும் அடித்துச் சொல்ல முடியாது. குறைந்தபட்ச உணர்வு நிலையில் இருப்பவர்களின் மூளை, வலியை ஓரளவு நம்மைப் போலவே உணர்கிறது என்று ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வலி தெரிந்தால் பசியும் தாகமும் தெரியலாம் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

இன்னொரு ஆச்சரியமும் உண்டு. 2006-ல் பிரிட்டனில் ஒரு பெண், எந்த அசைவும் இல்லாமல் உணர்வற்ற நிலையில் இருந்தார். ஸ்கேன் கருவிக்குள் வைத்து, ‘டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யுங்கள்’ என்று சொன்னபோது, அவருடைய மூளையில் நம்மைப் போலவே அதற்குரிய பகுதி இயங்கியது. 2024-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், வெளியே எந்தக் கட்டளைக்கும் அசையாத 241 பேரைச் சோதித்தார்கள். அதில் 60 பேரின் மூளை, சொன்னதைக் கேட்டுச் செயல்பட்டது. அதாவது நாலில் ஒருவர்.

எனவே, ‘அவருக்கு என்ன தெரியப் போகுது’ என்று அவர் தலைமாட்டில் நின்று பேசுவதும், சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப் போடுவதும் சரியல்ல.

‘சும்மாதானே படுத்திருக்கார், அதிகமா எதுக்கு சாப்பாடு?’

இதுதான் பலரும் நினைக்கும் தப்புக் கணக்கு.

கோமாவில் மூளை செலவழிக்கும் சக்தி கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்துவிடும் என்பது உண்மை. ஆனால் தலையில் பலத்த அடி விழுந்தால் உடம்பு போர்க்கால நிலைக்குப் போய்விடுகிறது. காய்ச்சல், கிருமித் தொற்று, அழுத்தத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் எல்லாம் சேர்ந்து எரிபொருள் தேவையைக் கூட்டிவிடும். ஓய்வில் இருக்கும் சாதாரண மனிதரை விட சுமார் 40 சதவீதம் வரை கூட அதிகமாகலாம்.

வெளியில் இருந்து சாப்பாடு வரவில்லை என்றால், உடம்பு தன் தசையையே பிரித்து எரிக்க ஆரம்பிக்கும். தீவிர சிகிச்சையில் இருந்தவர்களை வைத்து 2013-ல் வெளியான ஒரு ஆய்வில், தொடைத் தசையின் பருமன் 10 நாளில் சராசரியாக 17 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. ‘பத்து நாள்ல ஆளே பாதியாயிட்டாரு’ என்று உறவினர்கள் சொல்வது வெறும் புலம்பல் இல்லை.

தசை கரைந்தால் கை, கால் மெலிவது மட்டுமல்ல. மூச்சு விட உதவும் தசை பலவீனமாகும். சளியை இருமி வெளியே தள்ள முடியாது. புண் ஆறாது. நோய் எதிர்ப்புச் சக்தி குறையும். அதனால்தான் ரத்த அழுத்தம் ஒரு நிலைக்கு வந்ததுமே, முதல் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் டியூப் வழியாக உணவைத் தொடங்க மருத்துவர்கள் பார்க்கிறார்கள். பலத்த தலைக்காயம் என்றால் ஐந்தாம் நாளுக்குள், தாமதமானாலும் ஏழாம் நாளுக்குள், அடிப்படைத் தேவை முழுவதையும் கொடுத்துவிட வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டுதல்.

எவ்வளவு தேவை? பொதுவாக உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரி. புரதம் குறைந்தது 1.2 கிராம். 60 கிலோ உள்ள ஒருவருக்குக் கணக்குப் போட்டால் 1,500 முதல் 1,800 கலோரி, 70 கிராமுக்கு மேல் புரதம். சிறுநீரகம், கல்லீரல் பிரச்சினை இருந்தால் இந்தக் கணக்கு மாறும்.

ஒரு எச்சரிக்கை. பல நாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரே நாளில் முழு அளவு உணவு கொடுப்பதும் ஆபத்து. ரத்தத்தில் பாஸ்பேட் போன்ற உப்புகள் திடீரென்று சரிந்து இதயமே பாதிக்கப்படலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து, பட்டினியில் இருந்த கைதிகளுக்கு உணவு கொடுத்தபோது பலர் இறந்ததில் இருந்து மருத்துவ உலகம் கற்ற பாடம் இது. ‘ஏன் இவ்வளவு கொஞ்சமா குடுக்குறாங்க?’ என்று முதல் சில நாட்களில் தோன்றினால், காரணம் இதுவாக இருக்கலாம்.

குளுக்கோஸ் ஏறுதுல்ல, அது போதாதா?

போதாது. கையில் ஏறும் 500 மி.லி குளுக்கோஸ் பாட்டிலில் பொதுவாக 5 சதவீதம்தான் சர்க்கரை. அதாவது 25 கிராம். கலோரி என்று பார்த்தால் 85 முதல் 100. ஒன்றிரண்டு இட்லிக்குச் சமம். அதில் புரதம் துளியும் கிடையாது. உப்புத் தண்ணீர் பாட்டில் என்றால் கலோரி பூஜ்யம். ஒரு நாளைக்கு மூன்று பாட்டில் ஏறினாலும் 300 கலோரியைத் தாண்டாது.

ட்ரிப்ஸ் என்பது தண்ணீருக்கும் உப்புக்கும் மருந்துக்குமான வழி. சாப்பாட்டுக்கான வழி அல்ல. குடல் வேலை செய்யாதவர்களுக்கு, கழுத்து அல்லது மார்புப் பகுதியின் பெரிய ரத்தக்குழாய் வழியாக முழு ஊட்டச்சத்தையும் செலுத்தும் முறை தனியாக இருக்கிறது. அதில் செலவும் கிருமித் தொற்று அபாயமும் அதிகம். குடல் நன்றாக இருந்தால், குடலுக்கே உணவு அனுப்புவதுதான் நல்லது. பயன்படுத்தாத குடலின் உட்சுவர் மெலிந்துபோகும்.

மூக்கு டியூப் எப்படி வேலை செய்கிறது?

மூக்கில் நுழைந்து, தொண்டை, உணவுக்குழாய் வழியாக நேராக இரைப்பைக்குப் போகும் மெல்லிய குழாய் அது. நர்ஸ்கள் ‘ரைல்ஸ் டியூப்’ என்பார்கள். ஜான் ஆல்ஃப்ரெட் ரைல் என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் பெயர் அது. குழாய் வழியாக உணவு கொடுக்கும் யோசனை அவருக்கும் முந்தையது. 1790-ல் லண்டன் மருத்துவர் ஜான் ஹன்டர், விழுங்க முடியாத ஒரு நோயாளிக்கு விலாங்கு மீன் தோலால் செய்த குழாய் வழியாக உணவு கொடுத்திருக்கிறார்.

மூக்கு டியூப் சில வாரங்களுக்குத்தான். 4 முதல் 6 வாரங்களுக்கு மேல் தேவைப்படும் என்று தெரிந்தால், வயிற்றுத் தோலில் சின்னத் துளையிட்டு நேராக இரைப்பைக்குள் குழாய் வைப்பதை மருத்துவர்கள் பரிந்துரைப்பார்கள். 1980-ல் அறிமுகமான ‘பெக்’ முறை இது. ‘வயித்துல ஓட்டை போடணுமாம்’ என்று கேட்டதும் குடும்பம் மிரள்வது சகஜம். ஆனால் மூக்கில் புண் வராது, எளிதில் கழன்று வராது, நோயாளிக்கும் தொந்தரவு குறைவு.

‘ஒரே ஒரு வாய் பால்’ – ஏன் கூடாது?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

தொண்டையில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று உணவுக்கு, இன்னொன்று மூச்சுக்கு. நாம் ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் மூச்சுக்குழாயின் கதவு தானாக மூடிக்கொள்கிறது. தப்பித்தவறி ஒரு சொட்டு உள்ளே போனால் புரையேறி, இருமி வெளியே தள்ளிவிடுகிறோம்.

கோமாவில் அந்தக் கதவும் வேலை செய்யாது, இருமலும் வராது. வாயில் ஊற்றும் பால் நேராக நுரையீரலுக்குப் போகும். நோயாளி இருமவில்லை என்பதால், ‘அமைதியா குடிச்சிட்டான்’ என்று அம்மா நினைப்பார். இரண்டு நாளில் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் வரும். அதுதான் ஆஸ்பிரேஷன் நிமோனியா. தலைக்காயத்தில் இருந்து தேறி வர வாய்ப்பிருந்தவரின் உயிரைக்கூட இது எடுத்துவிடலாம்.

பால் மட்டுமல்ல. கோயில் தீர்த்தம், தேன், இளநீர், நாட்டு மருந்து, ஏன், வெறும் தண்ணீர் கூட இதே வேலையைத்தான் செய்யும். கடைசி நேரத்தில் பால் ஊற்றுவது நம் ஊர்களில் பாசத்தோடு செய்யும் சடங்கு. தேறி வரக்கூடிய ஒருவருக்கு அதே கையால் ஊற்றும் பால், அவரையே கடைசி நேரத்துக்குத் தள்ளிவிடலாம்.

மனசு கேட்கவில்லை என்றால் என்ன செய்யலாம்? சுத்தமான ஈரத் துணியால் உதட்டை நனைக்கலாம். நர்ஸிடம் கேட்டு வாயைத் துடைத்துச் சுத்தம் செய்யலாம். வாயில் கிருமி குறைந்தால் நிமோனியா அபாயமும் குறையும். திருநீறு, தீர்த்தம் என்றால் நெற்றியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

42 ஆண்டுகள்: அருணா ஷான்பாக்கை நர்ஸ்கள் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள்?

‘அப்போ நினைவு இல்லாத யாருக்குமே வாய் வழியா கொடுக்கக் கூடாதா?’ என்று கேட்கலாம். இதற்குப் பதில் மும்பையில் இருக்கிறது.

கே.இ.எம் மருத்துவமனையில் நர்ஸாக இருந்த அருணா ஷான்பாக், 1973 நவம்பர் 27-ம் தேதி அங்கேயே வேலை பார்த்த ஊழியர் ஒருவரால் கொடூரமாகத் தாக்கப்பட்டார். கழுத்தில் நாய்ச் சங்கிலியால் இறுக்கியதில் மூளைக்கு ஆக்சிஜன் போகவில்லை. அப்போது அவருக்கு வயது 25. அதன் பிறகு 42 ஆண்டுகள் அதே மருத்துவமனையின் கட்டிலில் இருந்தார். 2015 மே 18-ம் தேதி நிமோனியாவால் இறந்தார்.

உச்ச நீதிமன்றம் நியமித்த மூன்று மருத்துவர்கள் அவரைப் பரிசோதித்தனர். அவர் கோமாவில் இல்லை, கண் விழித்த நிலையில்தான் இருக்கிறார், ஆனால் சுற்றி நடப்பதை அறியும் நிலையில் இல்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். அவருக்கு விழுங்கும் திறன் மிஞ்சியிருந்தது. அதனால் நர்ஸ்கள் பல ஆண்டுகள் உணவை மசித்து, கொஞ்சம் கொஞ்சமாக வாயில் ஊட்டினார்கள். மீனும் கோழி சூப்பும் அவருக்குப் பிடிக்கும் என்பது, முகபாவத்தை வைத்தே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2010 செப்டம்பரில் காய்ச்சல் வந்து, வாய் வழியாகச் சாப்பிடுவது குறைந்தபோது, மூக்கு டியூப் வைத்தார்கள்.

இத்தனை ஆண்டுகள் படுக்கையில் இருந்தும் அவர் உடம்பில் ஒரு படுக்கைப் புண் கூட இல்லை என்பது நீதிமன்றத்தில் பதிவாகியிருக்கிறது. மசித்த சாப்பாடு, நேரம் தவறாத கவனிப்பு, புரட்டிப் படுக்க வைத்தல் இவ்வளவும் சேர்ந்தால்தான் அது சாத்தியம்.

ஆக, வாய் வழியாக ஊட்டலாமா என்பதை முடிவு செய்வது விழுங்கும் திறன்தான். அதைப் பரிசோதித்துச் சொல்ல வேண்டியது மருத்துவரோ, பேச்சு மற்றும் விழுங்குதல் சிகிச்சையாளரோ. ‘கண்ணு முழிச்சுட்டான், இனிமே குடுக்கலாம்’ என்று வீட்டில் நாமே முடிவெடுக்கக் கூடாது.

வீட்டுக்கு டியூபோடு அனுப்பிவிட்டால்?

கண் திறந்திருக்கும், பேச்சு இருக்காது, மூக்கில் டியூப் இருக்கும். இந்த நிலையில் பலர் ஊருக்குத் திரும்புகிறார்கள். மலையடிவாரக் கிராமங்களில் நள்ளிரவில் டியூப் அடைத்துக்கொண்டால் பெரியாஸ்பத்திரி பக்கத்தில் இல்லை. அதனால் டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே, வீட்டில் குறைந்தது இரண்டு பேர் நர்ஸ் முன்னால் கையால் செய்து பழகிவிடுவது நல்லது.

என்ன கொடுப்பது? பால், முட்டை, வேகவைத்த பருப்பு, கேழ்வரகு அல்லது சத்துமாவுக் கஞ்சி, கொஞ்சம் எண்ணெய், மசித்த காய்கறி, வாழைப்பழம். கம்பம் பள்ளத்தாக்கில் இவை எதற்கும் பஞ்சமில்லை. ஆனால் ஒரு சிக்கல். டியூபில் அடைக்கக் கூடாது என்று வடிகட்டி வடிகட்டி, கடைசியில் போவது கஞ்சித் தண்ணீராக இருந்துவிடும்.

கணக்கு இப்படி. மருத்துவமனைகளில் பயன்படுத்தும் திரவ உணவில் பொதுவாக 1 மி.லி-க்கு 1 கலோரி இருக்கும். 200 மி.லி வீதம் ஒரு நாளைக்கு எட்டு முறை கொடுத்தால் 1,600 கலோரி. வீட்டுக் கஞ்சியில் பாதி சத்துதான் இருக்கிறது என்றால், எட்டு முறை கொடுத்தும் 800 கலோரிதான் போகும். நேரத்துக்குக் கொடுத்தும் ஆள் மெலிவதற்குக் காரணம் இதுதான். அதனால் மருத்துவமனையின் உணவியல் நிபுணரிடம், எதை எத்தனை கரண்டி, எவ்வளவு தண்ணீரில் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய், சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் பழம், இளநீர், சத்துமாவு எதுவும் கேட்காமல் சேர்க்க வேண்டாம்.

எப்படிக் கொடுப்பது?

• தலைப்பகுதியை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்த வேண்டும். மல்லாக்கப் படுக்க வைத்துக் கொடுக்கவே கூடாது. கட்டில் வசதி இல்லையென்றால் முதுகு முழுவதற்கும் தலையணை அடுக்குங்கள்.

• மூக்கு ஓரத்தில் டியூபில் போட்டிருக்கும் அடையாளம் அதே இடத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். வெளியே வந்திருந்தால் உணவு கொடுக்காதீர்கள். நீங்களே உள்ளே தள்ளவும் செய்யாதீர்கள்.

• உணவுக்கு முன்னும் பின்னும் 20 முதல் 30 மி.லி வெதுவெதுப்பான குடிநீரை டியூபில் விடுங்கள். அடைப்பு வராது.

• 50 மி.லி சிரிஞ்சின் பிஸ்டனைக் கழற்றிவிட்டு, புனல் மாதிரி தூக்கிப் பிடித்து, உணவு தானாக இறங்க விடுங்கள். அழுத்தித் தள்ளாதீர்கள்.

• முடிந்த பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை தலையை இறக்காதீர்கள். புரட்டிப் போடுவது, நெஞ்சில் தட்டிச் சளி எடுப்பது எல்லாம் உணவுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

• காலையில் கரைத்ததை மதியத்துக்கு வைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

• மாத்திரையைப் பொடித்துப் போடும் முன் கேளுங்கள். சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது.

கொடுக்கும்போது இருமல், மூச்சு வாங்குதல், உதடு நீலமாவது, வாந்தி எது வந்தாலும் உடனே நிறுத்தி, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 108-க்கு அழையுங்கள்.

அவர் சொல்ல மாட்டார், நாம் எதைப் பார்ப்பது?

பசி என்பது நம் உடம்பின் அலாரம். அது இல்லாதவருக்கு வேறு அலாரங்களை நாம்தான் வைக்க வேண்டும்.

• புஜத்தின் சுற்றளவு: எடை பார்க்க முடியாதவருக்கு எளிய வழி. வாரம் ஒருமுறை மேல்கையின் நடுவில், அதே இடத்தில், தையல் டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். குறைந்துகொண்டே வந்தால் உணவு போதவில்லை.

• சிறுநீரின் நிறம்: அடர் மஞ்சளாக, அளவு குறைவாக இருந்தால் தண்ணீர் போதவில்லை. அவருக்குத் தாகம் எடுத்தாலும் கேட்கத் தெரியாது.

• முதுகு, இடுப்பு, குதிகால்: தோல் சிவந்து, அழுத்தி எடுத்த பிறகும் சிவப்பு மாறவில்லை என்றால் படுக்கைப் புண்ணின் தொடக்கம். புரட்டிப் படுக்க வைப்பதோடு புரதமும் வேண்டும்.

• சர்க்கரை அளவு: இதுதான் மிக முக்கியம். இன்சுலின் போட்டுவிட்டு உணவைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை சரிந்துவிடும். நாமாக இருந்தால் படபடப்பு, பசி, வியர்வை என்று உணர்ந்து ஒரு மிட்டாயை வாயில் போடுவோம். அவரால் சொல்ல முடியாது. அதனால் இன்சுலினும் உணவு நேரமும் ஒரே தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

டியூபை எடுத்துவிட்டால்? சட்டம் என்ன சொல்கிறது?

ஆண்டுக் கணக்கில் பார்த்துக்கொண்ட சில குடும்பங்கள், சொல்லத் தயங்கி மனசுக்குள் வைத்திருக்கும் கேள்வி இது.

அருணாவுக்கு உணவு கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்று எழுத்தாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றம் போனார். 2011 மார்ச் 7-ம் தேதி நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அவரைப் பராமரித்து வந்த மருத்துவமனை ஊழியர்களின் விருப்பத்துக்கு முக்கியத்துவம் கொடுத்தது. அதே தீர்ப்பில், செயற்கை உயிர்காப்பு சிகிச்சையைக் கடுமையான நிபந்தனைகளோடு விலக்கிக்கொள்ளும் வழியையும் திறந்தது. கண்ணியத்தோடு இறப்பதும் வாழ்வுரிமையின் ஒரு பகுதியே என்று 2018 மார்ச் 9-ம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு கூறியது. அதற்கான நடைமுறைகள் 2023 ஜனவரியில் எளிதாக்கப்பட்டன.

ஆனால் இதெல்லாம் மருத்துவக் குழுக்கள் ஆராய்ந்து, ஆவணங்களோடு எடுக்கும் முடிவு. வீட்டில் நாலு பேர் கூடிப் பேசி டியூபைக் கழற்றும் விஷயம் அல்ல. இந்தக் கேள்வி மனதில் இருந்தால் குற்ற உணர்ச்சி வேண்டாம். சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

உதவி எங்கே கிடைக்கும்?

சாலை விபத்து என்றால், தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டம் இது. வீட்டுக்கு வந்த பிறகு, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலி மற்றும் ஆதரவு சிகிச்சை நர்ஸும் இயன்முறை மருத்துவரும் படுக்கையில் இருப்பவர்களை வீடு தேடி வந்து பார்க்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்து, ‘டியூப் போட்ட நோயாளி வீட்டில் இருக்கிறார்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். டியூப் மாற்ற வேண்டிய தேதியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த பிளாஸ்க் பாலை என்ன செய்வது?

ஐசியூ வாசலில் பிளாஸ்க்கோடு நிற்கும் அம்மாவைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. டாக்டர் சம்மதித்தால், நர்ஸ் அவர் கையிலேயே சிரிஞ்சைக் கொடுத்துப் பழக்கலாம். தலையை உயர்த்தி, டியூபில் அடையாளம் பார்த்து, 200 மி.லி பால் மெல்ல மெல்ல இறங்குவதை அவர் பார்த்துக்கொண்டிருப்பார். ‘சாப்பிடுப்பா’ என்று பேசிக்கொண்டே கொடுக்கட்டும். காதில் விழவும் கூடும்.

மகனுக்குப் பால் ஊற்ற வேண்டும் என்று வந்தார். ஊற்றுகிறார். வழி மட்டும்தான் வேறு. அடுத்தது எப்போது என்று அவன் கேட்க மாட்டான். இரண்டு மணி நேரம் கழித்து, கடிகாரத்தைப் பார்த்து அவர்தான் எழுந்திருக்க வேண்டும்.